லைல் பிரெக்கெ தின்ற சாலட்

கெட்டில் க்ரீக்கில் பிள்ளைகள் வேஷம் கட்டிக்கொண்டு மிட்டாய் கேட்டு வருவது அக்டோபர் முப்பதாம் தேதி சாயங்காலம். நாட்டில் மற்றவர்கள் ஹாலோவீனை மறுநாள் கொண்டாடினால் அது அவர்கள் பாடு. அயோவாவில் இந்தப் பக்கத்தில் அதற்குப் பிச்சைக்காரர் இரவு என்று பெயர். பெயர்தான் அப்படி. சும்மா கை நீட்டினால் ஒன்றும் விழாது. வாசலில் நின்று ஒரு ஜோக் சொல்ல வேண்டும்; சொன்னால்தான் மிட்டாய்.

மற்ற வீடுகளில் குளிரைப் பார்த்து, ஒழுகுகிற மூக்கைப் பார்த்து, "சரி சரி, எடுத்துக்கோ" என்று விட்டுவிடுவார்கள். லைல் பிரெக்கெ வீட்டில் அதெல்லாம் நடக்காது. கிண்ணத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வாசலை அடைத்தாற்போல் நிற்பார்.

"சொல்லு."

வெள்ளை விரிப்பைப் போர்த்திக்கொண்டிருந்த ஒரு பேய் தொண்டையைச் செருமியது. "எலும்புக்கூடு ஏன் ஸ்கூலுக்கு வரல?"

"ஏன் வரல?"

"அதுக்கு உடம்பு சரியில்ல."

லைல் யோசித்தார். "அதுக்கு உடம்பே கிடையாதே."

"அதான் ஜோக், மிஸ்டர் லைல்."

"போன வருஷமும் இதேதான் சொன்ன, எமெட்."

விரிப்பில் இருந்த இரண்டு ஓட்டைகளும் திகைத்துப் பார்த்தன. "நான்தான்னு எப்படித் தெரியும்?"

"தினம் காலைல பஸ்ல உன் இருமலைக் கேட்டுட்டுத்தானே வரேன். வேற ஒண்ணு சொல்லு. பின்னாடி க்யூ நிக்குது."

அவருக்குப் பின்னால், சமையலறைக் கதவோரம், மனைவி ட்வைலா நின்று வேறொன்றைக் கவனித்துக்கொண்டிருந்தாள். மற்ற வருஷங்களில் வாசலில் ஒரு பிள்ளைக்குப் போட்டால் தன் வாயில் ஒன்று போட்டுக்கொள்வது லைலின் வழக்கம். இந்த வருஷம் கிண்ணத்திலிருந்து எடுத்த எதுவும் அவர் வாய்ப்பக்கம் போகவில்லை. எட்டு மணிக்குக் கதவைச் சாத்திவிட்டு, மிச்சம் இருந்ததை அவரே கொண்டுவந்து மனைவி கையில் கொடுத்தார்.

"எடுத்து வச்சிடு. எனக்குத் தெரியாத இடத்துல."

லைல் அதற்குக் காரணம் வைத்திருந்தார். காரணம் மஞ்சள் நிறத்தில், நாற்பது அடி நீளத்தில், பள்ளி டிப்போவில் நின்றது.

நாலாம் நம்பர் பஸ்ஸை அவர் பதினைந்து வருஷத்துக்கு மேலாக ஓட்டுகிறார். அதற்கு முன்னால் பன்றிக் கொட்டகையில் வேலை. எத்தனை தேய்த்துக் குளித்தாலும், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அவர் உட்கார்ந்த பெஞ்சில் மற்றவர்கள் மறுகோடிக்கு ஒதுங்கிய காலம் அது. ட்வைலா ஒருத்திதான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பெரிய மனசு என்று லைல் நெகிழ்ந்துபோனார். கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது, அந்த வருஷம் முழுக்க அவளுக்கு சைனஸ் தொல்லை, ஒரு வாசனையும் ஏறவில்லை என்பது.

சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர் என்று லைலுக்குப் பெயர். இதைப் புகழ்ச்சியாகச் சொல்கிறவர்களும் உண்டு, தலையில் அடித்துக்கொண்டு சொல்கிறவர்களும் உண்டு. வேலைக்குச் சேர்ந்த முதல் குளிர்காலத்தில், டிப்போ சூப்பர்வைசர் "என்ன ஆனாலும் சரி, ஆறரைக்கு நீ வண்டியில இருக்கணும்" என்றார். மறுவாரம் இடுப்பளவு பனி கொட்டிப் பள்ளிக்கு லீவு விட்டார்கள். மத்தியானம் பனியைத் தள்ள வந்தவன் பார்த்தால், நாலாம் நம்பரின் ஓட்டுநர் இருக்கையில் லைல் காதுகுல்லாயோடு உட்கார்ந்திருக்கிறார்.

"லீவுன்னு ரேடியோல சொன்னாங்களே, கேக்கலையா?"

"கேட்டேன். ஆனா ரேடியோ எனக்கு சூப்பர்வைசர் இல்லையே."

இந்த ஆகஸ்டில், பள்ளி திறப்பதற்கு முன், ஓட்டுநர்களுக்கான மருத்துவப் பரிசோதனைக்குப் போனார். ஊர் க்ளினிக்கில், பஸ் ஓட்ட உடல்தகுதி உண்டு என்று சொல்லும் கார்டில் கையெழுத்துப் போடும் அதிகாரம் டாக்டர் சபாட்டினி ஒருவருக்குத்தான். நியூ ஜெர்சியிலிருந்து வந்து இரண்டு வருஷம் ஆகிறது. வேகமாகப் பேசுவார், வேகமாக நடப்பார், யாரிடமும் முதலில் வானிலையைப் பற்றிக் கேட்க மாட்டார். அதை ஊர் இன்னும் முழுதாக மன்னிக்கவில்லை.

"லைல், உங்க சர்க்கரை எக்கச்சக்கமா இருக்கு."

"எங்க அப்பாவுக்கும் இருந்தது."

"அவர் பஸ் ஓட்டினாரா?"

"இல்ல, டாக்டர்."

"நீங்க ஓட்டறீங்க. பின்னாடி பிள்ளைங்க இருக்காங்க. வழக்கமா ரெண்டு வருஷத்துக்குப் போடற கையெழுத்தை இப்ப நாலு மாசத்துக்குத்தான் போடறேன். டிசம்பருக்குள்ள இது இறங்கலைன்னா என்னால போட முடியாது."

கார்டு இல்லாவிட்டால் பஸ் இல்லை. பஸ் இல்லாவிட்டால் அவருக்குத் தெரிந்த இன்னொரு வேலை எங்கே இருக்கிறது என்று லைலின் மூக்குக்கே ஞாபகம் வந்துவிட்டது.

"நான் என்ன செய்யணும், சொல்லுங்க. செஞ்சிடறேன்."

"சோடா, டோனட், ராத்திரி கேக், எல்லாத்தையும் நிறுத்துங்க. மத்தியானம் ஒரு கிண்ணம் சாலட். ராத்திரி முதல்ல சாலட், அப்பறம்தான் மத்தது. தினமும்."

லைலின் முகம் தெளிந்தது. "சாலட் எனக்கு ரொம்பப் பிடிக்கும், டாக்டர்."

"இந்த ஊருல இதைச் சொன்ன முதல் ஆள் நீங்கதான்" என்று டாக்டரும் சந்தோஷப்பட்டார்.

இருவரும் மனநிறைவோடு கைகுலுக்கிப் பிரிந்தார்கள். தவறு அந்த இடத்தில்தான் நடந்தது. அப்போது அது அங்கே யாருக்கும் தெரியவில்லை.

சாலட் என்றால் கெட்டில் க்ரீக்கில் என்ன அர்த்தம் என்பதை லூத்தரன் சபையின் சமையலறைதான் தீர்மானிக்கிறது. சபை விருந்துக்கு யார் என்ன கொண்டுவருவது என்பதற்குக் குடும்பப் பெயரின் முதல் எழுத்துதான் கணக்கு. A முதல் H வரை சாலட். I முதல் P வரை அடுப்பில் சுட்டெடுத்த சூடான பதார்த்தம். மிச்சம் பேர் இனிப்பு. பிரெக்கெ குடும்பம் 'B' என்பதால் பரம்பரை பரம்பரையாகச் சாலட். ஆரஞ்சு ஜெல்லிக்குள் கேரட் துருவல் மிதந்தால் அது சாலட். பச்சை புட்டிங்கில் அன்னாசியும் மார்ஷ்மெல்லோவும் கலந்தால் அதுவும் சாலட். சமையலறைத் தலைவி ஆர்லிஸ் ட்வெய்ட் ஒரு தடவை விளக்கம் கேட்டவரிடம் சொன்னார்: "கிண்ணத்துல வருது. கரண்டியால போடறோம். இனிப்பு மேஜைல இல்ல. அப்ப அது சாலட்தானே?" ஊருக்குப் புதிதாக வந்த ஒரு பெண் வெறும் கீரை இலைகளைப் பெரிய கிண்ணத்தில் கொண்டுவந்தபோது, ஆர்லிஸ் அதை வாங்கி, நன்றி சொல்லி, தர்பூசணித் துண்டுகளுக்கு அடியில் அலங்காரமாகப் பரப்பினார்.

ஆகவே செப்டம்பர், அக்டோபர் முழுக்க லைல் டாக்டர் சொன்னபடியே நடந்தார். பெட்ரோல் பங்கில் டோனட் பெட்டியைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறந்தநாள் அன்றுகூடக் கேக்கைத் தொடவில்லை. சோடா குடிக்காமல் ஒரு வாரம் தலைவலியோடு பஸ் ஓட்டினார். மத்தியானம் டிப்போவில் மூடி போட்ட டப்பாவைத் திறந்து, ஜெல்லிக்குள் இருந்த கேரட்டைக் கரண்டியால் தேடித் தேடிச் சாப்பிட்டார்.

"நல்ல கட்டுப்பாடுப்பா உனக்கு" என்றார்கள் மற்ற ஓட்டுநர்கள்.

"டாக்டர் சொன்னா கேக்கணும்ல" என்றார் லைல்.

அக்டோபர் முப்பது முடிந்ததும், வீட்டில் இரண்டு தலையணை உறை நிறைய மிட்டாய் வந்து சேர்ந்தது. மூத்தவள் கிரெட்டாவுக்குப் பத்து வயது. சின்னவள் இங்காவுக்கு ஆறு. இங்கா எதற்கும் சிரிப்பாள். கிரெட்டா எதற்கும் சிரிக்க மாட்டாள். ஆனால் ஜோக் சொல்வதில் அவளை அடிக்க ஆள் இல்லை. முகத்தை வைத்துக்கொள்கிற விதத்திலேயே பாதி வீடுகளில் இரண்டு கை அள்ளிப் போட்டுவிடுவார்கள்.

மற்ற வருஷங்களில் இந்த மிட்டாய் போகிற பாதை எல்லா வீடுகளிலும் ஒன்றுதான். முதலில் பெற்றோர் சோதனை. யாராவது எதையாவது கலந்திருப்பார்களோ என்று கவலைப்பட்டு, பிள்ளைகள் தூங்கியபின் நல்லதாகப் பார்த்துச் சோதித்துத் தின்பார்கள். கறுப்பு அதிமதுர மிட்டாய் அப்பாவின் வேலையிடத்துக்குப் போகும். அங்கே ஒரு தட்டில் கிடக்கும், அதைத் தின்பவர் யார் என்று யாருக்கும் தெரியாது, ஆனால் தீர்ந்துவிடும். கொஞ்சத்தைப் பல் டாக்டர் வாங்கிக்கொண்டு ஒரு பிரஷ் கொடுப்பார். கடித்தால் பல் போகிற ரகமெல்லாம் ஒரு வாளியில் சேர்ந்து, ஜூலை நாலாம் தேதி சுதந்திர தின ஊர்வலத்தில் வண்டிமேலிருந்து வீசப்படும்; பிள்ளைகள் தாங்கள் வாங்கிவந்த மிட்டாயையே மறுபடி தெருவில் ஓடிப் பொறுக்குவார்கள்.

இந்த வருஷம் ட்வைலா அவ்வளவு காலம் காத்திருக்கத் தயாராக இல்லை. மிட்டாய் வீட்டில் இருக்கும்வரை லைலுக்கு ஆபத்து. கீழ்த்தளத்தில் அவள் முடி வெட்டும் கடை வைத்திருக்கிறாள். அந்த வாரம் முடி உலர்த்தும் ட்ரையருக்கு அடியில் உட்கார்ந்த பெண்கள் ஒவ்வொருவர் மடியிலும் ஒரு கை மிட்டாய் விழுந்தது. மறுத்தவர்களின் கைப்பையில் அவர்களுக்குத் தெரியாமல் விழுந்தது. பத்து நாளில் எல்லாம் ஒழிந்தது. மிஞ்சியது ஒரே ரகம்: வேர்க்கடலையும் காரமலும் உள்ள சின்னச் சின்ன சாக்லேட் பார்கள். அதைக் கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. கராஜ் ஃப்ரீசரில், மான் இறைச்சிக்குக் கீழே வைத்தாள். ஏனென்றால் நவம்பர் நடுவில் சபை விருந்து. பிரெக்கெ என்றால் சாலட். அந்தக் குடும்பத்துச் சாலட் என்றால் இதுதான். பச்சை ஆப்பிளை நறுக்க வேண்டும். உறைந்த சாக்லேட் பாரைக் கத்தியால் துண்டு போட வேண்டும். வெனிலா புட்டிங் பொடி, டப்பாவில் வருகிற நுரைத்த க்ரீம், இரண்டையும் போட்டுக் கிளற வேண்டும். தீர்ந்தது.

கிளறிக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"லைல், டாக்டர் என்ன வார்த்தை சொன்னாங்க? சாலட்னா, இலைன்னா?"

"சாலட்."

"சரியா ஞாபகம் இருக்கா?"

"ரெண்டு தடவை சொன்னாங்க. மத்தியானம் சாலட், ராத்திரி சாலட்."

ட்வைலா கிண்ணத்தைப் பார்த்தாள். ஆப்பிள் இருந்தது. தோலோடு வேறு இருந்தது. அவளும் இதே ஊரில் பிறந்து, இதே சர்ச்சில் பெயர் வைக்கப்பட்டவள். போதாததற்கு ஃப்ரீசரும் காலியாக வேண்டியிருந்தது. சந்தேகத்தையும் சேர்த்துக் கிளறிவிட்டாள்.

சபை விருந்தில் எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆர்லிஸ் ட்வெய்ட் தட்டோடு வந்து, எதிரில் உட்கார்ந்து, முதல் கரண்டியை எடுத்தார். கிரெட்டா அந்தக் கரண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது என்னோடது" என்றாள்.

"எதும்மா?"

"உங்க கரண்டியில இருக்கறது. அது டோபியாசன் வீட்டு சாக்லேட். அதுக்கு நான் மூணு ஜோக் சொன்னேன். முதல் ரெண்டுக்கு அவர் சிரிக்கவே இல்ல."

ஆர்லிஸின் கரண்டி வழியிலேயே நின்றது. மேஜையில் மற்றவர்களும் தங்கள் தட்டைப் பார்த்துக்கொண்டார்கள்.

"கிரெட்டா, சாப்பிடு. பேசாத" என்றாள் ட்வைலா.

"நான் சும்மா வாங்கல, அம்மா. ஒவ்வொரு வீட்டுலயும் வேலை செஞ்சு வாங்கினேன். நீ கேக்காம எடுத்து சர்ச் முழுக்கப் போட்டுட்ட. அப்பா ரெண்டாவது கிண்ணம் சாப்பிடறாரு. அவரு ஒரு ஜோக்காவது சொன்னாரா?"

"அப்பாவுக்கு டாக்டர் சொல்லியிருக்காங்க, கண்ணு" என்றார் லைல், வாயில் காரமலோடு. "எனக்கு மட்டும் இது ஆசையா?"

இங்கா விழுந்து விழுந்து சிரித்தாள். ஆர்லிஸ் ஒருவழியாகக் கரண்டியை வாயில் வைத்து, "ஜோக்குக்குத் தகுந்த சாக்லேட்தான்" என்று தீர்ப்புச் சொன்னார். விவகாரம் அன்றைக்கு அத்தோடு அமுங்கியது. ஆனால் மறுநாளும் மத்தியான டப்பாவில் அதே சாலட் போயிற்று, அதற்கு மறுநாளும். நவம்பர் கடைசியில் தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு மட்டும் ட்வைலா இரட்டைப் பங்கு செய்தாள். ஒவ்வொரு தடவையும் கராஜில் கத்திச் சத்தம் கேட்கும்போது, கிரெட்டா ஹாலில் உட்கார்ந்து உரக்க, "இப்ப வெட்டறது பாஸ்டர் வீட்டுது" என்று அறிவிப்பாள்.

டிசம்பர் முதல் வாரத்தில் லைல் க்ளினிக்குக்குப் போனார். புதிதாக இஸ்திரி போட்ட சட்டை. பெல்ட்டில் ஒரு ஓட்டை உள்ளே போயிருந்தது. நர்ஸ் ரத்தம் எடுத்துக்கொண்டு போனாள். பாஸ் மார்க் வாங்கப்போகிற மாணவன் மாதிரி கால்களை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

டாக்டர் சபாட்டினி உள்ளே வந்து, இந்த முறை மெதுவாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"லைல், இது இறங்கல. ஒரு கோடு ஏறியிருக்கு."

லைலின் கால்கள் நின்றன. "அது எப்படி, டாக்டர்? நான் ஒரு டோனட் தொடல."

"நம்பறேன். சோடா?"

"ஆகஸ்டுலேர்ந்து ஒரு சொட்டு இல்ல."

"சாலட்?"

"தினம் ரெண்டு வேளை. சில நாள் மூணு."

டாக்டர் நெற்றியைத் தேய்த்தார். மாத்திரை ஏதாவது காரணமாக இருக்குமோ, வேறு பரிசோதனைக்கு அனுப்ப வேண்டுமோ என்று யோசித்தபடியே, பேச்சுக்குக் கேட்டார். "என்ன போட்டுச் செய்யறீங்க?"

"ஆப்பிள்."

"நல்லது."

"பச்சை ஆப்பிள்."

"ரொம்ப நல்லது. அப்பறம்?"

"அப்பறம் பொண்ணுங்களுக்குக் கிடைச்ச சாக்லேட் பார். சின்னதா நறுக்கி."

டாக்டர் நெற்றியிலிருந்து கையை எடுத்தார்.

"சாக்லேட் பார்" என்றார் டாக்டர்.

"உறைய வச்சுத்தான் நறுக்கணும். இல்லைன்னா கத்தில ஒட்டும். அப்பறம் புட்டிங் பொடி, க்ரீம். தினமும் இது இல்ல. சில நாள் ஜெல்லி. கேரட் போட்டது."

"லைல், இலை எங்க?"

"எந்த இலை?"

"லெட்டூஸ். கீரை. பச்சையா, மாடு தின்னுமே, அது."

"லெட்டூஸ் போட்டா அதுக்கு லெட்டூஸ் சாலட்னு பேரு, டாக்டர்." லைல் அதை மரியாதையாகத்தான் சொன்னார். "நீங்க வெறும் சாலட்னுதானே சொன்னீங்க."

டாக்டர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். எழுந்து ஜன்னலுக்குப் போய், முதுகைக் காட்டிக்கொண்டு கொஞ்சநேரம் நின்றார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று லைல் பயந்துபோனார். திரும்பியபோது டாக்டரின் கண்ணில் தண்ணீர் இருந்தது உண்மைதான்.

"எங்க வீட்டுல சாலட்னா இலை. வேற அர்த்தம் இருக்கும்னு எனக்குத் தோணவே இல்ல. நானும் கேட்டிருக்கணும்." சிரிப்பை விழுங்கிக்கொண்டு, முகத்தைச் சரிசெய்துகொண்டார். "ஆனா நம்பருக்கு இதெல்லாம் தெரியாது, லைல். ஜனவரி நடுவரைக்கும் ஓட்டறதுக்குப் போடறேன். அதுக்கு மேல ஒரு நாள்கூட என்னால தள்ள முடியாது. இறங்கலைன்னா சாவியை நீங்களே கொண்டுபோய்க் கொடுத்துடுங்க."

"சரி, டாக்டர்."

"என்ன சாப்பிடணும்னு சொல்லுங்க பாப்போம்."

"இலை."

"இலை எதோட?"

லைல் ஒரு கணம் நம்பிக்கையோடு அவர் முகத்தைப் பார்த்தார். உதவி எதுவும் வரவில்லை. "சும்மா இலை" என்றார்.

அன்று சாயங்காலம் சமையலறை மேஜையில் குடும்பம் கூடியது. லைல் நடந்ததை நடந்தபடியே சொன்னார். ட்வைலா கையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"நான் அப்பவே கேட்டேன்ல, இலையான்னு."

"கேட்ட. நான் சாலட்னேன். அதுதானே உண்மை?"

"உண்மைதான், மனுஷா. உன் உண்மையைத் தூக்கி அந்த ஜெல்லில போடு."

மிச்சம் இருந்த சாக்லேட்டை உடனே குப்பையில் கொட்டிவிடலாம் என்று ட்வைலா எழுந்தாள். கிரெட்டா வழியை மறித்தாள்.

"அது என்னோடது. சர்ச்சுல ஒரு தடவை விட்டேன். இப்ப விட மாட்டேன்."

"உங்க அப்பாவோட பஸ் போயிடும், தெரியுதா உனக்கு?"

"போகாது. நான் பாத்துக்கறேன். எனக்கு யாரும் சும்மா கொடுக்கல. நானும் சும்மா கொடுக்க மாட்டேன். அப்பாவுக்கு ஒண்ணு வேணும்னா ஒரு ஜோக் சொல்லணும். எனக்குத் தெரியாத ஜோக். நான் சிரிக்கணும்."

ட்வைலா அவளைப் பார்த்தாள், பிறகு லைலைப் பார்த்தாள். ஊரில் எந்தப் பூட்டுக்கும் இவ்வளவு பலம் கிடையாது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. உட்கார்ந்தாள்.

"இங்கா சிரிச்சா?" என்று லைல் கேட்டார்.

"இங்கா கணக்குல வராது. அவ 'முட்டைகோஸ்'னு சொன்னாலே சிரிப்பா."

இங்கா சிரித்தாள்.

லைல் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டபின் அவரைப் பொறுத்தவரை அது சட்டம். கராஜில் தனியாக மான் இறைச்சி எடுக்கப் போனபோதுகூட அந்தச் சாக்லேட் பையைத் தொடவில்லை. பார்த்துப் பெருமூச்சு விட்டதோடு சரி. ராத்திரிச் சாப்பாட்டில் முதலில் இலை வந்தது. ட்வைலா ஒரு முழு லெட்டூஸை நாலாகப் பிளந்து அவர்முன் வைத்தாள். அவர் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இதுல ருசி எந்தப் பக்கம் இருக்கு?"

"நடுவுல இருக்கும். போய்க்கிட்டே இரு."

நடுவுக்குப் போனார். அங்கேயும் இல்லை. தின்று முடித்து வாயைத் துடைத்துக்கொண்டு கிரெட்டா பக்கம் திரும்பினார்.

"ஒரு நார்வேக்காரன் டாக்டர்கிட்ட போனான்."

"தெரியும்" என்றாள் கிரெட்டா.

"ரெண்டு பன்னி பஸ் ஸ்டாப்புல நின்னுதாம்."

"அது போன வருஷமே சொல்லிட்ட. அப்பவும் முடிவை மறந்துட்ட."

டிசம்பர் முழுக்க இது நடந்தது. லைல் டிப்போவில் மற்ற ஓட்டுநர்களிடம் ஜோக் யாசித்தார். கொடுத்தார்கள், பாதி பத்து வயதுப் பிள்ளையிடம் சொல்லக் கூடாதவை, மீதி அவர் வாயில் வந்ததும் செத்துப்போனவை. லைல் ஜோக் சொல்கிற விதம் அப்படி. ஆரம்பிக்கும்போதே, "இதுல கடைசியில பாதிரியார் தண்ணில விழுவாரு" என்று சொல்லிவிட்டுத்தான் தொடங்குவார். பஸ்ஸில் பிள்ளைகளிடம் கேட்டார். எமெட் இருமிக்கொண்டே எலும்புக்கூட்டைக் கடன் கொடுத்தான். கிரெட்டா அதை எமெட்டிடமே ஏற்கெனவே கேட்டிருந்தாள். கிறிஸ்துமஸ் அன்று இரக்கம் பார்த்து ட்வைலாவே அவர் காதில் ஒன்றை ஓதினாள். நல்ல ஜோக். லைல் சொன்னார். கிரெட்டாவின் உதட்டோரம் ஒரு இழை அசைந்தது. ஜெயித்துவிட்டோம் என்று அவர் பாதி எழுந்துவிட்டார்.

"கொட்டாவி" என்றாள் கிரெட்டா.

அவர் மறுபடி உட்கார்ந்து லெட்டூஸை இழுத்துக்கொண்டார். சபையின் கிறிஸ்துமஸ் விருந்துக்கு ட்வைலா வெள்ளரியும் கீரையும் வெட்டிக் கொண்டுபோனாள். ஆர்லிஸ் வாங்கிப் பார்த்து, தாழ்ந்த குரலில், "வீட்டுல ஏதாவது பிரச்சினையா, ட்வைலா?" என்று கேட்டார். தர்பூசணிக் காலம் இல்லாததால் அதை வைக்க இடம் தெரியாமல், கடைசியில் நாப்கின்களுக்குப் பக்கத்தில் வைத்தார். லைல் அங்கேயே நின்றபடி முழுக் கிண்ணத்தையும் தின்று தீர்த்தார்.

ஜனவரி நடுவில் மறுபடி க்ளினிக். இந்த முறை லைல் கால் ஆட்டவில்லை. பஸ் சாவி சட்டைப் பையில் இருந்தது. திருப்பிக் கொடுக்க வேண்டிவந்தால் இன்றே கொடுத்துவிடலாம் என்று எடுத்து வந்திருந்தார்.

டாக்டர் சபாட்டினி வந்தார். உட்காரவில்லை.

"வெளியில குளிரு எப்படி?" என்று கேட்டார்.

லைலுக்குத் தூக்கிவாரிப்போட்டது. வானிலை விசாரித்தால் கெட்ட செய்தி என்று நினைத்தார். "பூஜ்யத்துக்குக் கீழ, டாக்டர். காத்து வேற."

"இறங்கியிருக்கு."

"ராத்திரிக்கு இன்னும் இறங்கும்னாங்க."

"லைல். உங்க சர்க்கரை இறங்கியிருக்கு." டாக்டர் பேனாவைத் திறந்தார். "இன்னும் போக வேண்டிய தூரம் இருக்கு. ஆனா ஆறு மாசத்துக்குத் தாராளமாப் போடலாம். எப்படிச் செஞ்சீங்க?"

"எனக்கு ஜோக் சொல்ல வராது, டாக்டர்" என்றார் லைல்.

டாக்டர் விளக்கத்துக்காகக் காத்திருந்தார். லைல் எல்லாம் சொல்லியாகிவிட்டது என்ற பாவனையில் கையை நீட்டி, கார்டை வாங்கி, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுப் பர்ஸில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை இருட்டு விலகுமுன் நாலாம் நம்பர் பஸ் டிப்போவிலிருந்து கிளம்பியது. ஸ்டீயரிங் பக்கத்தில், முன்பெல்லாம் டோனட் பை இருக்கிற இடத்தில், உரித்த கேரட்டும் செலரித் தண்டும் போட்ட டப்பா. குளிரில் அவை கல்லாகிவிட்டிருந்தன. லைல் ஒன்றை எடுத்துக் கடித்தார். பஸ் முழுக்கக் கேட்டது.

சோயாபீன் வயலோரம் முதல் நிறுத்தம். மூன்றாம் வகுப்புப் படிக்கிற ஒரு பெண் பனிக்காலணியோடு தடதடவென்று ஏறி, அவர் பக்கத்தில் நின்று, மெல்லுகிற தாடையைக் கொஞ்சநேரம் கூர்ந்து பார்த்தாள்.

"மிஸ்டர் லைல், நீங்க எங்க வீட்டு ஆடு மாதிரியே மெல்றீங்க."

"அப்படியா."

"அது கொஞ்சம் சந்தோஷமா மெல்லும்."

லைல் கேரட்டை விழுங்கி, கண்ணாடியில் பின்னால் பார்த்து, கதவைச் சாத்தும் கம்பியை இழுத்தார்.

"போய் உட்காரு" என்றார்.